மெல்ல ஓடுவோர்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் எல்லோருக்கும் தெரியும், அது ஐந்தாம் பாடவேளை. யாராவது கண்ணயர்ந்தால் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் "மாரத்தான் ஓடிய ஆசிரியை" என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே நிலையான அளவாக ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் "5 கிலோமீட்டர் மாரத்தான்" என்று பார்க்கும்போதெல்லாம், 90 சென்டிமீட்டர் கொண்டது ஒரு மீட்டர் என்று எழுதிய விடைத்தாள்தான் எனக்கு நினைவுக்கு வரும். நான் ஓடியது அரை மாரத்தான். 21.1 கிலோமீட்டர். போன டிசம்பரில், கோவையில். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 47 நிமிடம். 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் முழு மாரத்தானை 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தார். நானும் அவரும் ஒன்றாகப் புறப்பட்டிருந்தால், என்னைப் போல் இரண்டு மடங்கு தூரத்தை அவர் முடித்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, 46 நிமிடம் கழித்து நான் வந்து சேர்ந்திருப்பேன். ஆகவே இது சாதனை உரை இல்லை.

பிறகு எதற்குப் பேச வந்தேன்? இந்த அறையில் சர்க்கரை உள்ளவர்கள், குதிகால் வலி உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிக் கைகளாவது உயரும். என் கையும் உயர்ந்திருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எனக்கு 44 வயதில், ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 ஆனால் நோய். கணக்கு டீச்சர் அல்லவா, உடனே கழித்துப் பார்த்தேன். 0.4தான் இடைவெளி. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுத்தபோது மருத்துவமனையில் கூட இருந்தவள் நான். மருத்துவர் "நடங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். காலை ஐந்தரைக்கு, சத்துணவு அமைப்பாளர் அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். இருட்டில் போவதே நல்லது என்று நினைத்தோம். யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பார்த்துவிட்டார். "டீச்சர், இந்தக் கோல்போஸ்ட்டிலேருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் மெதுவா ஓடிப் பாருங்க. அப்புறம் ஒரு சுற்று நடங்க. திரும்ப ஓடுங்க" என்றார். கோல்போஸ்ட்டிலிருந்து வேப்பமரம் 60 மீட்டர் இருக்கும். முதல் நாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். அன்றைக்கு என்னைவிட அதிகம் ஓடியவர் அவர்தான்.

இப்படி ஓடி நடந்து, ஓடி நடந்து பழகுவது ஏதோ இயலாதவர்களுக்கான சலுகை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். பின்னாளில் இந்த நடை–ஓட்ட முறையைத்தான் அவர் பல்லாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தார். முழு மாரத்தானையே இடையிடையே நடந்து முடிக்கலாம் என்றார். களைத்த பிறகு நடப்பது வேறு. களைப்பதற்கு முன்பே, திட்டமிட்டு நடப்பது வேறு. இரண்டாவதில் கால் தசைக்கு அவ்வப்போது ஓய்வு கிடைத்துவிடுகிறது.

வயதானவர்கள் மெதுவாக ஓடுவது என்ற வழக்கம் எங்கிருந்து பரவியது என்று தேடிப் படித்தேன். கதை நியூசிலாந்துக்குப் போகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அந்தச் சிறிய நாட்டின் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இருவருக்கும் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் வீரர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியில் பெரும்பகுதி வேக ஓட்டம் அல்ல. வாரம் முழுக்க நீண்ட, நிதானமான ஓட்டம். அதையே இன்னும் மெதுவாக்கி, ஆக்லாந்து நகரத்தின் நடுத்தர வயதுக்காரர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் இருந்தார்கள். இதயநோய் என்றாலே படுக்கையில் ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1962ஆம் ஆண்டின் இறுதியில் பில் போவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அங்கே விருந்தாளியாகப் போனார். வயது 51. ஒரிகன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர். மைதானத்தில் மற்றவர்களை ஓட வைத்துக்கொண்டு நிற்பதே தனக்குப் போதுமான உடற்பயிற்சி என்று நினைத்திருந்தவர். இந்த இடத்தில் நம் உடற்கல்வி நண்பர்கள் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிடியார்ட் அவரைத் தன் குழுவோடு மேட்டில் ஓட அழைத்துப் போனார். கொஞ்ச தூரத்திலேயே போவர்மன் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே பேசிக்கொண்டு வந்தவர், மாரடைப்பு கண்ட, 70 வயதைக் கடந்த ஒரு பெரியவர். பதில் சொல்லக்கூட போவர்மனுக்கு மூச்சு இல்லை. ஊர் திரும்பியதும் அவர் தன் ஊர் மக்களைத் திரட்டி மெல்லோட்டம் கற்றுக்கொடுத்தார். ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து 1967இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். இன்று கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் ஓட்டக் காலணிகளின் தொடக்கத்தில், ஒரு பெரியவரிடம் தோற்ற ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஓட ஆரம்பிக்கும் முன்பே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிபட்ட பிறகுதான் படித்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான்கைந்து மாதத்தில் 5 கிலோமீட்டரை, அதாவது 25 சுற்றை, நிற்காமல் ஓடப் பழகிவிட்டேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க இடது கையில் 25 புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போடுவேன். (பத்தாம் வகுப்புப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) முடிந்ததும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதுவேன். தேதி, சுற்று, நேரம். 43 நிமிடம். அடுத்த நாள் 42.40. அதற்கடுத்த நாள் 42.15. நேற்றைவிட இன்று குறைய வேண்டும். குறைந்தால் பச்சை மை, கூடினால் சிவப்பு மை. வாரத்தில் ஆறு நாள். ஒரு நாள் சிவப்பு வந்தால், மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சரிசெய்வேன்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியில் வலது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் ஒரு வலி. பத்து அடி நடந்தால் குறையும். ஓடி முடித்து வகுப்பில் நின்றால் திரும்ப வரும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை பாதிக்கப்பட்டதன் அடையாளம் அந்த முதல் அடி வலி. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவர்களுக்கு ஓடாமலேயே வரும். நம்மில் பலருக்கு இருப்பது அதுதான். எனக்கு அது தெரியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓடினேன். நோட்டில் பச்சை மை தொடர வேண்டுமே! கடைசியில் கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே நொண்ட ஆரம்பித்தேன். இருபது ஆண்டுப் பணியில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன்.

உடற்கல்வி ஆசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க பயிற்சி பண்ணவே இல்லை. தினமும் போட்டி ஓடியிருக்கீங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முன்னேற்றத்தை அளந்து பார்ப்பது தப்பா? அவர் சொன்னதை உடம்பின் பக்கமிருந்து படித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நிதானமாக ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தம் கூடுகிறது, தசைகளில் தந்துகிகள் பெருகுகின்றன, செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. இவை சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும் மாற்றங்கள். மூச்சு வாங்குவது குறைவதால் நமக்கே தெரிந்துவிடும். ஆனால் தசைநாண், எலும்பு, உள்ளங்கால் நார் ஆகியவை பலப்பட மாதங்கள் ஆகும். தசைநாணும் உள்ளங்கால் நாரும் ரத்த ஓட்டம் குறைவான பகுதிகள். ஆக, மூச்சு "நான் தயார்" என்கிறபோது கால் தயாராக இருப்பதில்லை. இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் பலரும் அடிபடுகிறார்கள். இருபது வயதில் ஒரு நாளில் ஆறுவது, நாற்பத்தைந்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். பயிற்சியின்போது உடம்பு பலம் பெறுவதில்லை. பயிற்சியால் சிறிது சிதைகிறது. ஓய்வில் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. நான் கட்டவே விடாமல் தினமும் இடித்துக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனை இயன்முறை மருத்துவர் இரண்டு மாதம் ஓடக் கூடாது என்றார். அந்த இரண்டு மாதமும் எனக்குப் பத்தாம் வகுப்பு மெல்லக் கற்போருக்கான சிறப்பு வகுப்பு. 12 பிள்ளைகள். தினமும் மாலை நான்கரை மணிக்கு ஒரு சிறுதேர்வு, 10 மதிப்பெண். மறுநாள் மதிப்பெண்ணை வாசிப்பேன். குறைந்தால் சிவப்பு மை.

நொண்டிக்கொண்டு அந்தப் பதிவேட்டைத் திறந்தவளுக்கு, அது என் ஓட்ட நோட்டு மாதிரியே இருந்தது. அதே கோடு, அதே இரண்டு மை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வயிற்றுவலி என்பான். நான் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். என் குதிகாலும் அதையேதான் செய்தது என்று அன்றைக்குத் தோன்றியது. அவர்களுக்கு நான் பாடமே நடத்தவில்லை. பாடம் எவ்வளவு புரியவில்லை என்று தினமும் அளந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சிறுதேர்வை வெள்ளிக்கிழமை ஒரு நாளாக்கினேன். மற்ற நான்கு நாளும் அவர்களால் செய்ய முடிந்த கணக்குகளே. முதல் வாரம் ஏழாம் வகுப்புக் கணக்குகள். பையன் வர ஆரம்பித்தான். பன்னிரண்டு பேரும் தேர்ச்சி பெற்றார்கள் என்று சொல்லி இங்கே கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். ஒன்பது பேர் தேறினார்கள். மூவரில் இருவர் துணைத்தேர்வில் தேறினார்கள். ஒரு மாணவி தேர்வுக்கே வரவில்லை. அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் திரும்ப நடையிலிருந்து ஆரம்பித்தேன். இம்முறை கேள்வி வேகம் அல்ல. "இன்றைக்கு ஓடியது நாளைக்கு மறுநாளும் ஓட விடுகிறதா?" என்பதுதான்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைக்கடிகாரக் கருவிகள் இதயத் துடிப்பைக் காட்டுகின்றன. 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொன்று 2001இல் வந்தது. அப்போதைய என் வயது 46க்கு முதலாவது 174, இரண்டாவது ஏறக்குறைய 176. கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. ஆனால் இவை கூட்டத்தின் சராசரி. தனி ஒருவருக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ எளிதில் இருக்கலாம். அதனால் நான் நம்புவது பேச்சைத்தான். ஓடிக்கொண்டே ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். முதலடிக்கும் இரண்டாமடிக்கும் இடையே திணறுகிறதா? வேகம் அதிகம். கணக்கு ஆசிரியர்கள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லலாம். எனக்கு 17 × 7 வரும்போது மூச்சுக்காகத் திக்குகிறதா, விடைக்காகத் திக்குகிறதா என்று குழப்பம் வரும், அதனால் குறளுக்கு மாறிவிட்டேன்.

அந்த வேகத்தில் ஓடினால் எவ்வளவு மெதுவாக இருக்கும் தெரியுமா? அக்காவின் வேக நடை என்னைத் தாண்டிப் போகும். கூச்சமாகத்தான் இருந்தது. என் மாமியார் ஒரு நாள் மைதானப் பக்கம் வந்தவர், "ஏம்மா, ஓடறேன்னு சொன்னே, இங்க நடந்துகிட்டிருக்கே?" என்று கேட்டார்.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒரு பெரியவர் இருந்தார். 2004இல், 73 வயதில், மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் ஓடியவர். 70 வயதைத் தாண்டி அப்படி ஓடிய முதல் மனிதர். 2016இல் 85 வயதில் 4 மணி நேரத்துக்குள் ஓடினார். அடுத்த ஆண்டு காலமானார். அவருடைய பயிற்சி என்ன? வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதையில் சுற்றிச் சுற்றி, மிக மெதுவாக, சில காலங்களில் தினம் மூன்று மணி நேரம் வரைகூட ஓடியிருக்கிறார். போட்டியில் பறந்தவர், பயிற்சியில் குறுகிய அடி வைத்து மெல்ல நகர்ந்திருக்கிறார். அதைப் படித்த பிறகு என் 200 மீட்டர் மைதானம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நேரத்தை எழுதும் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். புளியங்கொட்டை மட்டும் தொடர்ந்தது.

ஆகஸ்ட் கடைசியில் 16 வாரத் திட்டம் போட்டோம். உடற்கல்வி ஆசிரியர்தான் போட்டுக் கொடுத்தார். வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஓட்டம். செவ்வாய், வியாழன் 5 கிலோமீட்டர், சனிக்கிழமை 3, ஞாயிறு நீண்ட ஓட்டம். வியாழக்கிழமை மட்டும் நடுவே நான்கு முறை இரண்டு நிமிடம் வேகமாக ஓடலாம். என் வெள்ளிக்கிழமைச் சிறுதேர்வு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைத் தூரம் 6இல் தொடங்கி வாரத்துக்கு ஒன்று ஒன்றாகக் கூடி, நான்காவது வாரம் குறைந்து, மறுபடி கூடும். அந்தக் குறையும் வாரத்தை விட்டுவிட எனக்கு ஆசை வரும். விடாதீர்கள் என்பார்.

திட்டப்படி நடந்ததா என்றால் இல்லை. காலாண்டுத் தேர்வு வந்தது. அக்டோபர் மழையில் மைதானம் குளமானது. பத்து நாள் ஓடவே இல்லை. விட்டதைச் சேர்த்துப் பிடிக்கக் கூடாது என்பதுதான் இங்கே பாடம். பத்து நாளில் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. விட்ட ஓட்டங்களை அடுத்த வாரத்தில் திணித்தால்தான் கால் போகும். நான் அதிகபட்சமாக ஓடிய ஞாயிறு 17 கிலோமீட்டர். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு.

ஓடாத நாட்களில் இரண்டு பயிற்சி. ஒன்று, படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துக் குதிகாலை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்குவது. என் குதிகால் வலியைக் குறைத்தது இதுதான் என்பது என் அனுபவம். இன்னொன்று, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஆசிரியர் அறையிலேயே செய்யலாம். வயதோடு தசை குறைவது ஓட்டத்தால் மட்டும் நிற்காது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் என்பதால், எலும்பின் மீது எடை விழும் இத்தகைய பயிற்சி நமக்குக் கட்டாயம்.

காலணி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போட்டவுடன் சுகமாக இருப்பது நல்ல காலணி. விலைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. ஓடும்போது நிறைய நிறையக் குடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. நீண்ட நேரம் மெதுவாக ஓடி, வழியெல்லாம் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியவர்களுக்கே அது அதிகம். நம்மைப் போல் மெல்ல ஓடுபவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், கடமைக்குக் குடிக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட ஓட்டத்தில் இறங்கக் கூடாது. பையில் மிட்டாய் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்கள், முதலில் ஒரு இசிஜியாவது எடுத்துப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அது பல்லைக் கடித்துத் தாண்ட வேண்டிய களைப்பு அல்ல. அங்கேயே நில்லுங்கள்.

நாய்கள். இதைப் பயிற்சிப் புத்தகங்கள் எழுதுவதில்லை. நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டோடு கோவையில் அத்தை வீட்டில் போய் இறங்கினேன். மறுநாள் விடியுமுன் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றேன். சுடிதாரில் நின்றவள் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான். ஓட்டம் தொடங்கியதும் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். அந்த முதல் மூன்று கிலோமீட்டர்தான் எனக்குக் கடினமான பகுதி. கால் வலியால் அல்ல. கூட்டம் இழுக்கும் வேகத்துக்குப் போகாமல் இருக்க வேண்டுமே! குறள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் ஓடிய ஓர் இளைஞர் நான் வேண்டிக்கொள்வதாக நினைத்து, "பயப்படாதீங்கம்மா, முடிச்சிடலாம்" என்றார். 5 கிலோமீட்டருக்கு 41 நிமிடம். 15 கிலோமீட்டர் வரும்போது 1 மணி 58 நிமிடம். பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு, முன்னால் போனவர்கள் ஒருவர் ஒருவராக நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த இளைஞரையும் பார்த்தேன். "வாங்க தம்பி" என்றேன். சிரித்தார்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. 17க்கு மேல் ஓடிப் பழகாத கால் அது. நின்றேன், நீவினேன், நடந்தேன். பழைய நோட்டுக்காரியாக இருந்தால் இழந்த நிமிடத்தைக் கணக்குப் போட்டிருப்பேன். நூறு எண்ணும் வரை நடப்பது, நூறு எண்ணும் வரை ஓடுவது, கோல்போஸ்ட்டும் வேப்பமரமும் மாதிரி. அப்படியே முடித்தேன். என்னைவிட இருபது வயது மூத்த ஒரு தாத்தா கடைசி வளைவில் என்னைத் தாண்டிப் போனார்.

திங்கட்கிழமை பதக்கத்தை ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை கேட்டது, "டீச்சர், எத்தனையாவதா வந்தீங்க?" ஆயிரத்துக்கும் மேலே என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன் மிகவும் இரக்கத்தோடு, "அப்ப ஃபெயிலா டீச்சர்?" என்றான். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. "இல்லடா, முடிச்சிட்டேன்" என்றேன். அவனுக்கு அது பதிலாகப் பட்டதா என்று தெரியவில்லை.

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 5.8. இன்னும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். குதிகால் மழை நாட்களில் லேசாக உறுத்தும். மாதத்தில் ஒரே ஒரு நாள் நேரம் எழுதுகிறேன், நீல மையில்.

எங்கள் மைதானத்தின் கிழக்கு வாசல் செவ்வாய், வியாழன் காலை 5.20க்குத் திறந்திருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இப்போது ஐந்து பேர் வருகிறோம். மூவர் நடப்பவர்கள். விளக்கு ஒன்றுதான் எரிகிறது, டார்ச் கொண்டுவாருங்கள். மைதானத்தில் இரண்டு நாய்கள் உண்டு. கருப்பு நாய் சாது, செம்மண் நிறத்து நாய் பழக ஒரு வாரம் ஆகும். புளியங்கொட்டை நான் கொண்டுவருகிறேன்.